மூடி போட்ட போர்க்களம்: குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஒரு மினியேச்சர் மேசை

[திரையில்: பாதி ஆட்டத்தில் நிற்கும் மேசை. இரு அணி வீரர்கள், நடுவில் இடிந்த கோபுரம்.]

சின்னஞ்சிறு வீரர் உருவங்களை மேசைமேல் நகர்த்தி ஆடும் மினியேச்சர் போர் விளையாட்டு ஒன்று முடிய இரண்டு மணி நேரம் ஆகலாம், நான்கு மணி நேரமும் ஆகலாம். நடக்கத் தொடங்கிய குழந்தை அறைக்குள் நுழைந்து மேசை விளிம்பைப் பற்றுவதற்குச் சில நொடிகள் போதும். அதற்குள் ஐம்பது உருவங்களை எடுத்துப் பெட்டியில் அடுக்க யாராலும் முடியாது. ஆகவே பாதுகாப்பான மேசை என்றால், ஒரு வீரனைக்கூட இடம் மாற்றாமல், ஆட்டத்தை இருந்தபடியே மூடிவிடக்கூடிய மேசை. இந்த வீடியோவில் நாம் கட்டப்போவது அதைத்தான்.

உயரமாகக் கட்டிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைகளைப் பாருங்கள். ஒரு வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 75 செ.மீ., இரண்டு வயதில் 87, மூன்று வயதில் 95, நான்கு வயதில் 103. கையைத் தூக்கினால் தலைக்கு மேல் இன்னும் பத்துப் பன்னிரண்டு செ.மீ. எட்டும். வழக்கமான மேசையின் உயரமோ 75 செ.மீ. அளவுதான். 90 செ.மீ. ஆக்கினாலும் இரண்டு வயதுக் குழந்தையின் விரல்கள் விளிம்பைத் தொட்டுவிடும். பக்கத்தில் ஒரு நாற்காலி கிடந்தால் கணக்கே மாறிவிடுகிறது. உயரம் நமக்குக் கொஞ்சம் அவகாசம் தரும், அவ்வளவுதான். மூடிதான் காக்கும்.

[திரையில்: மேசையின் குறுக்குவெட்டுப் படம்.]

களத்தின் அளவிலிருந்து தொடங்குவோம். பெரிய ஆட்டங்களுக்குப் பழகிப்போன அளவு ஆறுக்கு நான்கு அடி, அதாவது 183க்கு 122 செ.மீ. அகலம் நான்கு அடிக்கு மேல் போனால் நடுவில் நிற்கும் உருவத்தைக் கை எட்டாது. இடம் குறைவாக இருக்கிறதா? சிறு அணிகள் மோதும் ஆட்டங்களுக்கு 112க்கு 76 செ.மீ. போதும். இனி நான் சொல்லும் அளவுகள் பெரிய மேசைக்கு உரியவை. சின்னதற்கு நீள அகலம் மட்டும் மாறும், கட்டும் முறை மாறாது.

களத்தைச் சுற்றி நான்கு பக்கமும் சுவர் வைத்து, மேசையை ஆழம் குறைந்த தொட்டி போல அமைக்கிறோம். சுவரின் உயரத்தை முடிவு செய்வது உங்கள் உருவங்கள். 28 மி.மீ. அளவு என்பது உருவத்தின் பாதத்திலிருந்து கண் வரையிலான உயரம்; அந்த அளவிலான காலாள் வீரன் அடித்தட்டோடு சேர்த்து நான்கு செ.மீ. இருப்பான். கொடி பிடித்தவன் ஆறு, ஏழு. குதிரை வீரர்களும் சற்றுப் பெரிய விலங்குகளும் பத்துக்குள் அடங்கும். எனவே உள்ளே 12 செ.மீ. வெற்றிடம் இருக்கட்டும். கோபுரங்களையும் மாடிக் கட்டடங்களையும் இரண்டு அடுக்காகப் பிரியும்படி செய்துகொண்டால், மேல் அடுக்கைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு மூடலாம். சுவரை 20 செ.மீ.க்கு உயர்த்திப் பிரச்சினையைத் தீர்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். வீரர்கள் நகரும் தூரத்தை அளக்க அவ்வளவு ஆழத்துக்குள் குனிந்து அளவுநாடா பிடிப்பது முதுகுக்குத் தண்டனை. சட்டைக் கைகள் உரசி முன்வரிசை வீரர்களும் விழுவார்கள்.

களத்தின் தரை நிலத்திலிருந்து 76 செ.மீ. உயரத்தில், சுவரின் மேல் விளிம்பு 90 செ.மீ. உயரத்தில். நின்று விளையாடப் பெரியவர்களுக்கு இது வசதியான உயரம். விளிம்பைப் பிடித்துத் தொங்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கோ உள்ளே இருப்பது எதுவும் எட்டாது.

சுவரை இரண்டு அடுக்குப் பலகையாகக் கட்டுங்கள். வெளி அடுக்கு 18 மி.மீ. பிளைவுட், உள் அடுக்கு 12 மி.மீ. உள் அடுக்கு வெளி அடுக்கைவிட 18 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். அப்போது சுவரின் உட்புறம் முழுக்க ஒரு சிறு படி கிடைக்கும். மூடி அந்தப் படியில் அமர்ந்து, சுவரின் மேல்மட்டத்தோடு சமமாக நிற்கும். குழந்தை விரல் நுழைத்து நெம்ப எந்த விளிம்பும் துருத்திக்கொண்டிருக்காது.

[திரையில்: மூன்று மூடிகளும் ஒவ்வொன்றாகப் படியில் அமர்கின்றன.]

மூடியை நீளவாக்கில் மூன்று துண்டாக்குங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 61க்கு 124 செ.மீ. கனம் 18 மி.மீ. இந்தக் கனத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. மூடி போட்ட மேசையில் ஒரு நாள் குழந்தை ஏறும் என்று வைத்துக்கொண்டே கட்ட வேண்டும். 20 கிலோ எடையுள்ள பிள்ளை நடுவில் உட்கார்ந்தால், 12 மி.மீ. பலகை ஒரு செ.மீ.க்கு மேல் வளையும். 18 மி.மீ. பலகை மூன்று, நான்கு மி.மீ.தான் வளையும். கீழே கொடி தூக்கி நிற்பவனுக்கு இந்த வித்தியாசம் பெரிது. ஒரு துண்டின் எடை எட்டு கிலோ அளவில் வரும். பெரியவர் ஒருவர் தூக்கிவிடலாம், சிறு குழந்தையால் முடியாது.

கீல் வைத்துத் திறக்கும் மூடி மட்டும் வேண்டவே வேண்டாம். எட்டு கிலோ பலகை விரல் மீதோ கழுத்து மீதோ விழுந்தால் என்ன ஆகும் என்று விவரிக்கத் தேவையில்லை. தனியாகத் தூக்கி எடுக்கும் துண்டுகளே நல்லது. எடுத்த துண்டுகளைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், அவை சரியும். மேசைக்கு அடியில் இரண்டு குறுக்குச் சட்டம் அடித்து, அதில் படுக்கையாகச் செருகிவிடுங்கள்.

தூக்குவதற்கு மூடியின் இரு முனையிலும் அரைவட்டமாக வெட்டிவிடுங்கள், நான்கு விரல் தாராளமாக நுழையும் அகலத்தில். இங்கே ஒரு விதியை நினைவில் வையுங்கள். குழந்தை விரல் சிக்கும் இடைவெளி 5 மி.மீ.க்கும் 12 மி.மீ.க்கும் இடைப்பட்டது. எந்த இடைவெளியும் ஒன்று அதற்குக் குறைவாக இருக்கட்டும், அல்லது அதைவிடப் பெரிதாக இருக்கட்டும். மூடியைச் சுற்றி 3 மி.மீ. விட்டால் மரம் ஈரப்பதத்தில் உப்பினாலும் இறுகாது, விரலும் போகாது.

கால்களுக்கு வருவோம். நான்கு கால்களையும் மூலைகளிலேயே நிறுத்துங்கள். உள்ளே தள்ளி வைத்தால் பார்க்க அழகுதான், ஆனால் விளிம்பில் ஒரு குழந்தை தொங்கும்போது கவிழ்க்கும் விசை கூடிவிடும். மடக்குக் கால்களும் சக்கரங்களும் இந்த மேசைக்கு ஆகாது. கால்களைக் கீழே இணைக்கும் சட்டம் வேண்டுமென்றால், தரையோடு ஒட்டி வையுங்கள். நடு உயரத்தில் வைத்தால் அது ஏணிப்படி. மூடியோடு சேர்த்து மேசை எழுபது கிலோ அளவுக்கு வரும். அந்த எடை நமக்குச் சாதகம்.

இழுப்பறை வைக்கலாமா? 1812இல் ரைஸ்விட்ஸ் என்பவர் பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்ஹெல்முக்காகச் செய்து கொடுத்த போர் விளையாட்டு மேசையில் காய்களை வைக்க இழுப்பறைகள் இருந்தன. இந்தப் பொழுதுபோக்கின் முன்னோடி மேசைகளில் ஒன்று அது, எனக்கு மிகவும் பிடித்த தச்சு வேலையும்கூட. ஆனாலும் சிறு குழந்தை உள்ள வீட்டில் இழுப்பறை வேண்டாம் என்றே சொல்வேன். இழுத்த அறை குழந்தைக்குப் படிக்கட்டாகிவிடும், உள்ளே இருப்பதும் கைக்கு எட்டிவிடும்.

[திரையில்: மூலையில் ஒரு டப்பா மூடியை வைத்துப் பென்சிலால் வளைவு வரைகிறார்கள்.]

வெளி மூலைகளை இரண்டு செ.மீ. ஆரத்துக்குக் குறையாமல் வளைவாக வெட்டி, மேல் விளிம்பை இழைப்புளியாலும் உப்புத்தாளாலும் உருட்டிவிடுங்கள். கடையில் கிடைக்கும் நுரை மூலைக்காப்புகளை நான் நம்புவதில்லை. குழந்தை அதைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும், தொண்டையில் அடைக்கும். மரத்தையே உருட்டிவிட்டால் பிய்க்க ஒன்றுமில்லை.

வண்ணமோ வார்னிஷோ, குழந்தைகளின் பொம்மைகளுக்கு ஏற்றது என்று குறிப்பிட்டிருக்கும் நீர் சார்ந்த வகையை வாங்குங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதால் முழுமையாக இறுகிவிட்டது என்று பொருளல்ல. டப்பாவில் போட்டிருக்கும் நாள் கணக்கு முடியும்வரை குழந்தையை அண்டவிடாதீர்கள். பழைய கதவு, பழைய மேசைப் பலகை என்று எதையாவது மறுபடி பயன்படுத்த நினைத்தால், அதன் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதைத் தேய்க்க வேண்டாம், புதுப் பலகை வாங்குங்கள். களத்தில் விரிக்கும் ரப்பர் விரிப்பு சுவருக்குள்ளேயே அடங்க வேண்டும். வெளியே தொங்கும் முனையைக் குழந்தை இழுத்தால் முழுப் படையும் கூடவே வரும்.

இனி மேசைக்கு உள்ளே இருப்பவை. என்னைக் கேட்டால் மரவேலையைவிட இதுதான் முக்கியம்.

மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்க ஓர் உருளை இருக்கிறது. அதன் விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடிய பொருள். 16 மி.மீ. பகடை அடங்கும். உடைந்த வாள், கேடயம், காலாள் வீரர்களில் பலர், எல்லாமே அடங்கும். ஏறத்தாழ அதே விட்டமுள்ள குழாய்த் துண்டு ஒன்றை வைத்து உங்கள் பெட்டியில் இருப்பதைப் போட்டுப் பாருங்கள்.

இவற்றிலும் கொடியது காந்தம். ஆயுதங்களை மாற்றி மாட்டுவதற்காகப் பலர் உருவங்களின் தோளில் 3 மி.மீ. அளவுள்ள, மிக வலுவான நியோடிமியம் காந்தம் பதிக்கிறார்கள். குழந்தை இரண்டை விழுங்கினால், அவை குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடியே ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். நடுவில் சிக்கிய குடற்சுவருக்கு ரத்தம் போகாது, அது நைந்து ஓட்டையாகும். தொடக்கத்தில் சாதாரண வயிற்று வலி போலத்தான் தெரியும். சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடனடிப் பசையால் ஒட்டிய காந்தம் கீழே விழுந்தால் எளிதில் தெறித்துவிடும், அந்தப் பசை அதிர்ச்சி தாங்காது. வீட்டில் சிறு குழந்தை இருக்கும் ஆண்டுகளில் இந்தக் காந்தங்களே வேண்டாம். அடித்தட்டை இரும்புத் தகட்டில் நிறுத்த ரப்பர் காந்தத் தாள் போதும். அதன் இழுவிசை மிகக் குறைவு.

அடுத்தது பட்டன் பேட்டரி. வீட்டுக்குள் விளக்கெரிய, பீரங்கி வாய் ஒளிர என்று 20 மி.மீ. லித்தியம் பேட்டரியைக் கட்டடங்களுக்குள் வைக்கிறோம். அது உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத் திசுவின் வழியே மின்சாரம் பாய்ந்து காரப்பொருள் உண்டாகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமான புண் வந்துவிடும். விளக்கு எரியாத அளவுக்குத் தீர்ந்த பேட்டரிக்கும் இந்தத் தீங்கு செய்யும் மின்னழுத்தம் மிச்சமிருக்கும். விளக்கு வேண்டுமென்றால் திருகாணி போட்டு மூடும் பெட்டியில், பென்சில் வகை பேட்டரி வையுங்கள்.

பழைய உலோக உருவங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருக்கிறது. அவற்றைத் தொட்டபின் கை கழுவுங்கள், குழந்தை கைக்குக் கொடுக்காதீர்கள். பசை, கத்தி, ஸ்ப்ரே எதுவும் இந்த மேசையில் வேண்டாம். அவற்றுக்கு வேறு அறை.

[திரையில்: குழிகள் கொண்ட மரக்கட்டை. ஒரு குழி காலி.]

பகடைகளுக்கு ஒரு மரக்கட்டை செய்யுங்கள். உங்களிடம் இருபது பகடை இருந்தால் இருபது குழி. ஆட்டம் நின்றதும் எல்லாம் குழிக்குள் போக வேண்டும். ஒரு குழி காலியாக இருந்தால் எண்ணாமலே தெரிந்துவிடும். அந்தப் பகடை சோபாவுக்கு அடியில்தான் கிடக்கும், தவழும் குழந்தை உங்களுக்கு முன்பே அதைக் கண்டுபிடிக்கும். அதைத் தேடி எடுத்த பிறகே மற்ற வேலை.

குழந்தைக்கும் இந்த மேசையில் பங்கு வேண்டும். மூன்று மூடிகளில் ஒன்றை மூடியபடியே விட்டு, அதன் மேல் கைக்கு அடக்கமில்லாத பெரிய மரக்கட்டைகளையும் பெரிய விலங்கு பொம்மைகளையும் கொடுங்கள். பெரியவர்கள் ஆடும்போது தானும் ஆடுவதாக உணரும் பிள்ளை, சுவர் தாண்டிக் கை நீட்டுவது குறையும். ஐந்து வயது தாண்டி, எதையும் வாயில் போடாத பழக்கம் உறுதியானதும், 25 செ.மீ. உயரத்தில் அகலமான மேடை ஒன்று செய்து கொடுங்கள். 110 செ.மீ. உயரப் பிள்ளை அதில் ஏறி நின்றால் முழங்கை விளிம்பின் மட்டத்துக்கு வரும். மேடையின் கால்கள் வெளிப்பக்கம் விரிந்திருக்கட்டும், அடியில் ரப்பர் ஒட்டுங்கள். முதல் சில ஆட்டங்களுக்கு ஆளுக்கு ஐந்து உருவம் போதும்.