வருமானமா? விவரமா?

நடுவர் ஐயா அவர்களுக்கும், எங்கள் அணித் தலைவருக்கும், எதிரில் உட்கார்ந்து இவ்வளவு நேரம் 'வருமானம், வருமானம்' என்று கை வலிக்க மேசையைத் தட்டிய மூன்று பேருக்கும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்து வேலையையெல்லாம் போட்டுவிட்டு வந்திருக்கிற கோபி ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

"பெண்ணுக்கு முதலில் வேண்டியது வருமானமா, விவரமா?" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். விவரம் என்றால் இங்கே பண விவரம். நான் அந்தப் பக்கம்தான் பேச வந்திருக்கிறேன்.

எதிரணியில் முதலில் பேசிய அக்கா, "சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்" என்று ஆரம்பித்தார். மண்டபமே கை தட்டியது, நானும் தட்டினேன். ஆனால் அக்கா, அகப்பை யார் கையில் இருக்கிறது என்று நீங்கள் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே!

என் கதையையே சொல்கிறேன். 22 வருஷம் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள் நான். மாசம் பிறந்தால் சம்பளம். எதிரணி கேட்கிற வருமானம் என் சட்டியில் நிறையவே இருந்தது. ஏடிஎம் கார்டு மட்டும் வீட்டுக்காரர் பர்ஸில் இருந்தது. யாரும் பிடுங்கவில்லை, நானே கொடுத்தேன். "உனக்கு எதுக்கு இந்த அலைச்சல், நானே எடுத்துட்டு வந்துடறேன்" என்றார், அவரும் நல்ல மனசோடுதான் சொன்னார், எனக்கும் ஒரு வேலை குறைந்த மாதிரிதான் இருந்தது. அப்புறம் ஒரு நாள் ராத்திரி, என் கொழுந்தனார் கடைக்கு லோன் போடுகிறார் என்று ஒரு கட்டு பேப்பரைக் கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார்கள். "சும்மா ஒரு கையெழுத்துதான் அண்ணி." பகலெல்லாம் கவுன்ட்டரில் வருகிறவர்களிடம் "படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்கம்மா" என்று சொல்கிற இதே வாய், அன்றைக்கு ரசத்தை ஊற்றிக்கொண்டே "எங்கே போடணும்?" என்று கேட்டது. அது ஜாமீன் கையெழுத்து. கடன் வாங்கினவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன் போட்டவருக்கும் சட்டப்படி அவ்வளவு பொறுப்பு. கடை ஒன்றரை வருஷத்தில் மூடிவிட்டது. அதற்கப்புறம் 14 மாசம் என் சம்பளத்தில் பிடித்தார்கள்.

எதிரணித் தம்பி சிரிப்பது தெரிகிறது. "வங்கியில வேலை பார்த்தவங்களுக்கே இந்த கதியா, அப்போ விவரம் எதற்கு உதவிச்சு?" என்று கேட்கப் போகிறார். நல்ல கேள்விதான் தம்பி. எனக்கு அடுத்தவர் பணத்தை எண்ணத் தெரியும், லெட்ஜர் டேலி பண்ணத் தெரியும். என் பணத்தை நான் எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலோ, காலேஜிலோ, வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கோ, கல்யாணத்தன்றைக்கோ ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. ரசம் வைக்க மட்டும் நாலு பேர் சொல்லித் தந்தார்கள்.

எனக்கு மட்டும்தான் இப்படி என்றில்லை. 2019இல் தேசிய நிதிக் கல்வி மையம் நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. பண விவரம் போதுமான அளவு தெரிந்தவர்கள் மொத்தமே நூற்றுக்கு 27 பேர். பெண்களில் 21, ஆண்களில் 29. முன்வரிசை ஆண்கள் மீசையைத் தடவ வேண்டாம், 29 ஒன்றும் பாஸ் மார்க் இல்லை.

இரண்டாவதாகப் பேசிய தம்பி மகளிர் உரிமைத் தொகையைச் சொன்னார். 2023 செப்டம்பர் 15இல் தொடங்கியது, மாசம் 1,000 ரூபாய், ஒரு கோடிக்கும் மேல் பெண்களுக்கு. அந்த ஆயிரத்தின் அருமை எனக்குத் தெரியும், குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தம்பி ஒன்றை விட்டுவிட்டார். முதல் மாசமே என்ன நடந்தது? சில வங்கிகள் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை, அந்தக் கட்டணம் பாக்கி, இந்தக் கட்டணம் பாக்கி என்று வந்த ஆயிரத்தில் பிடித்துக்கொண்டன. அப்படிப் பிடிக்கக் கூடாது என்று அரசாங்கமே சொல்ல வேண்டி வந்தது. குறைந்தபட்ச இருப்பே தேவைப்படாத அடிப்படை சேமிப்புக் கணக்கு என்று ஒன்று எல்லா வங்கியிலும் உண்டு. இருக்கிற கணக்கையே அப்படி மாற்றிக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுக்கலாம். இந்த மண்டபத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும், கை தூக்குங்கள் பார்ப்போம்... சரி, எண்ணவே வேண்டாம் போலிருக்கிறது.

அதே தம்பி சுய உதவிக் குழுவையும் வருமானக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் குழுக்கள் ஆரம்பித்த காலத்திலிருந்து நடைமுறை என்ன? குழு கூடின உடனே யாரும் கடனை நீட்டவில்லை. வாரம் தவறாமல் கூட்டம், ஆளுக்கு இவ்வளவு என்று சேமிப்பு, உள்ளுக்குள்ளேயே சின்னக் கடன், அதை ஒழுங்காகத் திருப்புவது, எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவது. ஆறு மாசமாவது இதைச் செய்து காட்டி, வங்கிக்காரர் வந்து நோட்டைப் புரட்டிப் பார்த்து மார்க் போட்ட பிறகுதான் வங்கிக் கடன். அதாவது முதலில் விவரம், அப்புறம் பணம். திட்டம் போட்டவர்களே எங்கள் அணி!

மூன்றாவதாகப் பேசியவர் கேட்டதுதான் உண்மையிலேயே கனமான கேள்வி. "ஒரு வேளை சோற்றுக்கு வழியில்லாத பெண்ணுக்கு வகுப்பு எடுத்து என்ன ஆகப்போகிறது?" சரிதான். அடுப்பெரியாத வீட்டில் போய் மியூச்சுவல் ஃபண்டு பாடம் நடத்தினால் விளக்குமாற்றால் அடிப்பார்கள், அடிக்கவும் வேண்டும். ஆனால் ஐயா, இந்த ஊரில் அதிக வட்டி கட்டுவது யார்? கார் வாங்குகிறவர் வருஷத்துக்கு ஒன்பது, பத்து சதவீதம் கட்டுகிறார். பிள்ளை காய்ச்சலுக்கு அவசரமாக 5,000 வாங்குகிற அம்மா "மூணு வட்டிதான்" என்கிறார். மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாசம் மூன்று, வருஷத்துக்கு 36 சதவீதம். மீட்டர் வட்டி, கந்து வட்டி பக்கமெல்லாம் நான் போகவே இல்லை. கையில் காசு குறையக் குறையக் கணக்குத் தப்பினால் விழுகிற அடி பெரிசு.

அதே போலத்தான் வண்டிக் கடன். நான் ரிட்டயரான பிறகு எங்கள் தெரு மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வகுப்பு மாதிரி நடத்துகிறேன். வகுப்பு என்பது பெரிய வார்த்தை, பத்துப் பதினைந்து பேர் பாயில் உட்காருவோம். பனியன் கம்பெனிக்குப் போகிற ஒரு பெண், ஸ்கூட்டி வாங்க 50,000 கடன் எடுத்திருந்தாள். "பன்னெண்டு சதவீதம்தாங்க அக்கா, பேங்க் வட்டி மாதிரியேதான்." மாசம் எவ்வளவு கட்டுகிறாய்? 2,583. எத்தனை மாசம்? 24. சரி, பெருக்கு என்றேன். போன வருஷ நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் போட்டாள்: 62 ஆயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. வட்டி 12,000. "சரியாத்தானே இருக்கு, வருஷம் ஆறாயிரம்" என்றாள். ஒரு வருஷம் கட்டின பிறகு உன் கையில் இருக்கிற கடன் இன்னும் அம்பதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். "இல்லீங்க, பாதிக்குப் பக்கத்துல தீர்ந்திருக்கும்." அப்போ வட்டி எதுக்குக் கட்டறே? "முழு அம்பதுக்கும்..." என்று இழுத்தாள். மண்டபத்தில் சத்தமே இல்லை, தேங்காய் உடைக்க வந்தவர்கூட நின்றுவிட்டார். குறையக் குறைய இருக்கிற அசலுக்கு மட்டும் வட்டி என்று போட்டால் அது 12 சதவீதமே இல்லை, ஏறக்குறைய இருபத்தொன்றரை. உண்மையான 12 சதவீதமாக இருந்தால் வட்டி 6,500க்குள் முடிந்திருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எல்லாச் செலவும் சேர்த்து வருஷ வட்டி எவ்வளவு என்று ஒரே தாளில், கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி போட்டு, 2024 அக்டோபர் முதல் அது தனிநபர்கள் வாங்குகிற இந்த மாதிரிக் கடன்களுக்கும் நடைமுறையில் இருக்கிறது. தாள் வருகிறது. அந்தப் பெண்ணும் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்து வண்டி டிக்கியில் வைத்திருந்தாள், கவர்கூடப் பிரிக்கவில்லை.

"எங்க பாட்டி கைநாட்டு, அவங்க நடத்தாத குடும்பமா?" என்று ஒருவர் கேட்டார். அது எங்களுக்குச் சாதகமான சாட்சி ஐயா! பாட்டிக்கு வருமானம் எங்கே இருந்தது? மோர் விற்ற காசு, முட்டை விற்ற காசு. அதைக் கடுகு டப்பாவில் போட்டுச் சிறுவாடு சேர்த்தார். ஏலச்சீட்டில் எந்த மாசம் தள்ளி எடுத்தால் எவ்வளவு கழியும் என்று விரலை மடக்கியே சொல்வார். கை நாட்டுதான், ஆனால் விவரமான கை. நம் காலத்துப் பணம் டப்பாவில் இல்லை, போனில் இருக்கிறது, அதனால் நாமும் வேறு விவரம் படிக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் படிப்பை எப்படிக் கொடுப்பது? இப்போது நடக்கிற பல முகாம்களை நான் பார்த்திருக்கிறேன், வேலையில் இருக்கும்போது நானே நடத்தியும் இருக்கிறேன். பேனர் கட்டி, குத்துவிளக்கு ஏற்றி, 'சேமிப்பின் அவசியம்' என்று அரை மணி நேரம் பேசி, டீயும் வடையும் கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிடுவோம். ஆயிரம் ரூபாயில் அஞ்சு பேருக்குச் சோறு போடுகிற பெண்ணுக்குச் சேமிப்பின் அவசியத்தை நாம் சொல்லித் தருவதா! எங்கள் கோயில் மண்டபத்தில் ஒரே விதிதான்: அவரவர் பேப்பரை அவரவர் கொண்டு வரணும். பாஸ்புக், அடகு ரசீது, கடன் அட்டை, சீட்டு நோட்டு. அடுத்தவர் கணக்கில் பாடம் ஏறாது. அடகு ரசீதில் ஏல நோட்டீஸ் பற்றிய வரியை ஒருத்தர் படித்தால் பத்துப் பேர் வீட்டுக்குப் போய் பீரோவைத் திறக்கிறார்கள்.

நடுவர் மணியைப் பார்க்கிறார், இன்னும் ஒரே ஒரு பாஸ்புக் மட்டும்.

நான் ரிட்டயராகிறதற்கு முந்தின கடைசி நாட்களில் ஒரு நாள். கவுன்ட்டருக்கு ஒரு அம்மா வந்தார், கையில் மஞ்சப்பை. வீட்டுக்காரர் தறி ஓட்டினவர், 47 வயது, மாரடைப்பில் போய்விட்டார். "ஏனுங் அம்மணி, இந்தக் கணக்க மூடி, இருக்கறதக் குடுத்துருங்." இருந்தது 1,140 ரூபாய். மத்தியான நேரம், எனக்கும் பசி, ஃபாரத்தை நீட்டியிருப்பேன். பாஸ்புக்கைப் பதிந்து கொடுக்கப் புரட்டும்போது மே மாசக் கடைசியில் இரண்டு வரி கண்ணில் பட்டது. ஒன்று 436, இன்னொன்று 20. இருபது ரூபாய் விபத்துக் காப்பீடு, அது இதற்கு வராது. 436 ரூபாய் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு, எப்படி இறந்தாலும் 2 லட்சம். அவர் என்றைக்கோ ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறார், வீட்டில் சொல்லவில்லை. அந்த அம்மாவிடம், "கணக்கை இப்போ மூட வேண்டாம், இறப்புச் சான்றிதழோட வாங்க" என்றேன். அவருக்கு நான் என்ன சொல்கிறேன் என்றே புரியவில்லை, காசு பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்து, "அதும் பாக்கி கட்டோணுங்ளா?" என்று கேட்டார்.

பணம் வந்தது. வந்த மூன்றாம் வாரம் சொந்தத்தில் ஒருவர் வந்து, மூணு வட்டிக்கு விட்டுத் தருகிறேன் என்றாராம். இவர் அதற்குள் எங்கள் பாயில் நாலு ஞாயிறு உட்கார்ந்திருந்தார். "தபாலாபீசுல போட்டாச்சுங்" என்று சொல்லிவிட்டார். உண்மையிலேயே போட்டிருந்தார், மாத வருமானத் திட்டத்தில். 7.4 சதவீதத்துக்கு மாசம் 1,233 ரூபாய் வருகிறது. எதிரணியினரே, நீங்கள் கேட்ட வருமானம் இதுதானே? இது எங்கிருந்து வந்தது? பாஸ்புக்கில் ஒரு வரியைப் படித்ததில் இருந்து வந்தது!

மணி அடித்துவிட்டார்கள். தீர்ப்பு நடுவர் பாடு. ஆனால் வந்திருக்கிற அம்மணிகளே, முடிந்ததும் நான் வெளியே வேப்பமரத்தடியில்தான் நிற்பேன். பையில் பாஸ்புக் இருக்கிறவர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள். வீட்டுக்காரர் பாஸ்புக்காக இருந்தாலும் பரவாயில்லை. மே மாசத்தில் அந்த 436 இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.