பழைய படகின் 'தேக்கு' உரிகிறதா?

[காட்சி: 1970-களில் கட்டப்பட்ட அமெரிக்க ஃபைபர் கிளாஸ் படகு. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வெளிறிய டேஷ்போர்டு. அதன் மூலையில் சுருண்டு நிற்கும் மரநிறப் படலம்.]

குரல்: தேக்கு போலத் தெரிகிறதே, இது தேக்கு இல்லை, மர ரேகையை அச்சடித்த வினைல். அமெரிக்காவில் உல்லாசப் படகு என்றாலே ஒரு காலத்தில் வார்னிஷ் மின்னும் மகோகனிதான். மிச்சிகனின் அல்கோனாக்கில் உருவான கிரிஸ்-கிராஃப்ட் படகுகள் அந்த ஆசையை வளர்த்தன. ஃபைபர் கிளாஸ் வந்து மரத்தை ஓரங்கட்டிய பிறகும் வாங்குபவர்களின் கண் மரத்தையே தேடியது. ஆண்டுதோறும் வார்னிஷ் அடிக்கத்தான் யாருக்கும் மனமில்லை. அந்த இடைவெளியில் நுழைந்ததுதான் இந்தப் போலி மரம். ஃபோர்டு கன்ட்ரி ஸ்கொயர் கார்களின் பக்கவாட்டில் ஒட்டியிருந்ததும் இதே இனம்தான்.

[காட்சி: விரல் நகம் ஓரத்தை நெம்புகிறது. அடுத்து, கேபின் அலமாரியின் விளிம்பு மிக அருகில்.]

குரல்: உங்கள் படகில் இருப்பது எது என்று முதலில் பாருங்கள். நகத்தால் நெம்பினால் தோல் போல வளைந்து வருவது வினைல் படலம். விளிம்பில் கோடு கிழித்தாற்போல அடர்பழுப்பு நிறம் தெரிந்தால் அது லேமினேட், நம் தச்சர்கள் சன்மைக்கா என்பார்களே, அதே வகை. டேஷ்போர்டில் பெரும்பாலும் முதலாவது, கேபின் சுவர்களில் இரண்டாவது.

தேய்ந்த படலத்தைப் பாலிஷ் போட்டு மீட்க முடியுமா? முடியாது. நிறம் இருப்பது மேற்பரப்பில் அச்சான மெல்லிய அடுக்கில் மட்டுமே. உப்புத்தாளைத் தொட்டால் மிச்சமிருக்கும் ரேகையும் போய்விடும். வினைலை நெகிழ்வாக வைத்திருந்த சேர்மானம் வெயிலில் வெளியேறிவிட்டதால்தான் படலம் சுருங்கி, ஓரம் தூக்குகிறது. எந்த மெழுகாலும் அதைத் திரும்ப உள்ளே செலுத்த முடியாது.

[காட்சி: பேட்டரி இணைப்பு கழற்றப்படுகிறது. டேஷ்போர்டின் பின்புறம்; காகிதத் துண்டில் எழுதிக் கட்டிய வயர்கள்.]

குரல்: பேட்டரியைக் கழற்றுங்கள். வயர்களைப் புகைப்படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிக் கட்டிவிட்டு, மீட்டர்களை வெளியே எடுங்கள். மீட்டர்கள் அப்படியே இருக்க, சுற்றிலும் வெட்டி ஒட்டலாம் என்று சிலர் நினைப்பார்கள். அந்த ஓரங்கள்தான் முதலில் தூக்கும்.

பழைய படலத்தை ஹேர் டிரையரால் சூடாக்கி, பிளாஸ்டிக் சுரண்டியால் உரியுங்கள். பசை மிச்சத்துக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். அடியில் ஏபிஎஸ் பிளாஸ்டிக் இருந்தால் அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், பலகை இளகிவிடும். பழைய திருகுத் துளைகளில் எபாக்ஸி பட்டி வைத்து, 220 எண் உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்துங்கள். ஒரு மணல் துகள் கிடந்தாலும் புதுப் படலத்தில் பரு போலத் தெரியும்.

[காட்சி: படலத்தின் அடித்தாள் சிறிது மட்டும் உரிக்கப்பட்டு, துணி சுற்றிய அட்டையால் அழுத்தப்படுகிறது.]

குரல்: 3எம் நிறுவனத்தின் டை-நாக் போன்ற படலங்களில் வெளிப்புறத்துக்கான ரகம் தனியாக உண்டு. திறந்த படகுக்கு அதைத்தான் வாங்க வேண்டும். சுற்றிலும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி, அடித்தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளி ஒட்டுங்கள். விளிம்பைச் சூடாக்கிப் பின்புறம் மடியுங்கள். மடிப்பில் பசை நன்றாகப் பிடிக்க முன்பூச்சு (பிரைமர்) அவசியம். உரிந்த பலகையை மட்டும் மாற்றி மற்றதை விடுவது வீண் சிக்கனம். வெயிலில் வெளுத்த பழசும் கடையிலிருந்து வந்த புதுசும் நிறத்தில் ஒருநாளும் ஒத்துப்போகாது. ஒரே பார்வையில் படும் பலகைகள் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

[காட்சி: கேபின் சுவர். ஜன்னலுக்குக் கீழே உப்பியிருக்கும் லேமினேட். குத்தூசி பிளைவுட்டில் தடையின்றி இறங்குகிறது.]

குரல்: கேபினில் கதை வேறு. லேமினேட் உப்பினால் குற்றவாளி பெரும்பாலும் மேலே உள்ள ஜன்னல் கசிவு. முதலில் அந்தக் கசிவை அடைத்துவிடுங்கள். குத்தூசி இப்படி இறங்கினால் பிளைவுட் மக்கிவிட்டது. அதன் மேல் எதை ஒட்டினாலும் பணம் தண்ணீரில்தான்.

பலகை உறுதியாக இருந்தால், அதைக் கழற்றி வெளியே கொண்டுவந்து வேலை செய்யுங்கள். காண்டாக்ட் பசையின் ஆவி எளிதில் தீப்பற்றும். மூடிய கேபினில் அது கூடவே கூடாது. இரு பரப்பிலும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலரவிடுங்கள். பட்டவுடன் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. அதனால் நடுவில் மெல்லிய குச்சிகளை வரிசையாக வைத்து, மேலே லேமினேட்டைப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு குச்சியாக உருவிக்கொண்டே அழுத்துங்கள்.

[காட்சி: திருகு ஏறுகிறது. விளிம்பில் சீலன்ட் பிதுங்கி வர, துணி அதைத் துடைக்கிறது.]

குரல்: திரும்பப் பொருத்தும்போது, பிளைவுட்டின் வெட்டிய விளிம்புகளிலும் திருகுத் துளைகளிலும் எபாக்ஸி பூசியிருக்க வேண்டும். தண்ணீர் நுழைவது அந்த வழியாகத்தான். மீட்டர்களின் பழைய ரப்பர் வளையங்கள் வெடித்திருந்தால் புதிது போடுங்கள். வயர்களைப் புகைப்படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே பேட்டரியை இணையுங்கள்.