சுவரில் பட்ட பந்து

நேயர்களுக்கு வணக்கம்.

இயற்பியல் விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு ஒரு கணக்கைப் பார்த்ததுமே சிவப்புப் பேனா தானாக எழும்பும். மோதலில் உந்த மாற்றம். சூத்திரம் பிள்ளைகளுக்கு மனப்பாடம்: நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் உந்தம், பிந்தைய உந்தத்திலிருந்து முந்தையதைக் கழித்தால் மாற்றம். மதிப்பெண் பறிபோவது ஒரே ஒரு கழித்தல் குறியில்.

ஒரு டென்னிஸ் பந்து, ஏறக்குறைய 60 கிராம். வேலூர்க் கோட்டைச் சுவரில் எறியலாம் என்றால் நடுவில் அகழி இருக்கிறது, பந்து தண்ணீரோடு போய்விடும். சரி, சத்துவாச்சாரியில் ஏதோ ஒரு காம்பவுண்டு சுவர். நொடிக்கு 10 மீட்டரில் போய்ப் பட்டு, 7 மீட்டரில் திரும்பி வருகிறது. பாதிப் பேர் 10-இல் 7 போனால் 3 என்று போட்டு, 0.18 என்று விடை எழுதிவிடுகிறார்கள். போன பந்து திரும்பி வந்திருக்கிறதே! முன்னே 0.6, பின்னே கழித்தல் 0.42. மாற்றம் கழித்தல் 1.02 கிலோகிராம் மீட்டர் பெர் நொடி. அதே பந்து சுவரில் அப்பிக்கொண்டு நின்றிருந்தால் 0.6 தான். நிற்பதைவிடத் திரும்புவதற்குத்தான் சுவர் அதிகம் தள்ளவேண்டியிருக்கிறது.

இந்தக் குறியை ரோட்டில் வைத்துப் பார்ப்போம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் 20 டன் லாரி, நொடிக்கு 15 மீட்டர். மணிக்கு 54 கிலோமீட்டர்தான், பெரிய வேகமில்லை. வேலூர் கிரீன் சர்க்கிள் ரவுண்டானாவைச் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு ராங் சைடில் ஒரு பைக், ஆளோடு சேர்த்து 200 கிலோ, 10 மீட்டரில் வருகிறது. மோதி இரண்டும் ஒன்றாகவே நகர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். லாரியின் உந்தம் 3,00,000. பைக்கினுடையது கழித்தல் 2,000. கூட்டினால் 2,98,000, அதை மொத்த நிறை 20,200-ஆல் வகுத்தால் நொடிக்குச் சுமார் 14.75 மீட்டர்.

லாரி இழந்த வேகம் கால் மீட்டர். டிரைவருக்கு லேசாக ஒரு குலுக்கல். பைக்குக்கோ கழித்தல் பத்திலிருந்து கூட்டல் பதினான்கே முக்காலுக்கு, கிட்டத்தட்ட 25 மீட்டர் மாற்றம். ஆனால் உந்த மாற்றத்தைப் போட்டுப் பாருங்கள்: இருவருக்கும் 4,950. அளவு ஒன்று, திசை எதிரெதிர். லாரிக்காரருக்கு ஒன்றும் ஆகாமல் போனது அவர் வாங்கிய அடி சிறியது என்பதால் இல்லை. அதே அடியை 20 டன் பங்கு போட்டுக்கொண்டது.

அப்புறம் நேரம். உந்த மாற்றத்தை மோதல் நீடித்த நேரத்தால் வகுத்தால் சராசரி விசை. தலையின் எடை சுமார் 5 கிலோ. நொடிக்கு 6 மீட்டரில் தரையில் மோதி நின்றால் மாற்றம் 30. ஹெல்மெட் போட்டாலும் 30 தான், போடாவிட்டாலும் 30 தான். வெறும் தலை 2 மில்லிநொடியில் நின்றுவிட்டால் விசை 15,000 நியூட்டன். ஹெல்மெட்டுக்குள் இருக்கிற தெர்மாகோல் மாதிரியான நுரை நசுங்கி, நிற்கிற நேரத்தை 10 மில்லிநொடிக்கு இழுத்துக்கொடுத்தால் 3,000. நுரை நசுங்கத்தான் வேண்டும், அதுதான் அதன் வேலை. ஒருமுறை நசுங்கினது திரும்ப உப்பாது. அதனால் பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே ஓடு பளபளவென்று இருந்தாலும், தம்பிக்கு ஆகும் என்று எடுத்து வைக்காதீர்கள். வணக்கம்.