தினம் 100 க்ரஞ்சஸ் போட்டும் தொப்பை ஏன் குறையல? கொழுப்பு வெளியே போற வழியே வேற!

மக்களே, வணக்கம். மெரினா, கண்ணகி சிலைப் பக்கம், காலைல 6 மணி. ஒரு அண்ணன் துண்டை விரிச்சுப் போட்டு க்ரஞ்சஸ் (மல்லாந்து படுத்து, வயித்தை மடக்கித் தோளைத் தூக்குற பயிற்சி) அடிச்சிட்டிருந்தார். இடுப்புல இறுக்கமா வேர்வை பெல்ட். "நாலு மாசமா தினம் நூறு, தம்பி. தொட்டுப் பாரு, உள்ள கல்லு மாதிரி இருக்கு. ஆனா பேண்ட் சைஸ் அப்படியேதான் இருக்கு"ன்னார்.

அவர் சொன்னது நிஜம். தசை வலுவாயிருக்கு. மேல போர்த்தியிருக்கிற கொழுப்பு அப்படியே இருக்கு. எந்த இடத்துல வேலை கொடுக்கிறோமோ அந்த இடத்துக் கொழுப்புதான் கரையும்னா, டென்னிஸ் ஆடுறவங்களுக்கு மட்டை பிடிக்கிற கை மட்டும் ஒல்லியாகணும் இல்லையா? 1971-லயே அளந்து பார்த்துட்டாங்க. அந்தக் கையில தசை பெருசு, ஆனா கொழுப்போட தடிமன் ரெண்டு கையிலயும் ஒண்ணுதான்!

சரி, கரையுற கொழுப்பு எங்க போகுது? இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல. வேர்வையா? வேர்வைன்னா மே மாசம் ரங்கநாதன் தெருவுல புடவை எடுக்கப் போற அத்தனை பேரும் இளைச்சிருக்கணுமே! பெல்ட் கட்டிக் குறையுற எடை வெறும் தண்ணி. ஒரு சொம்பு மோர் குடிச்சா திரும்பி வந்துடும்.

(திரையில்: 10 கிலோ கொழுப்பு)

2014-ல ஆஸ்திரேலியாவுல மீர்மன், பிரவுன்னு ரெண்டு பேர் கணக்குப் போட்டாங்க. 10 கிலோ கொழுப்பு முழுசா எரிஞ்சா 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடா மூக்கு வழியா போயிடுது. மிச்சம் 1.6 கிலோதான் தண்ணி. உங்க தொப்பை மூச்சுக்காத்தா வெளியே போகுது மக்களே! உடனே வேகவேகமா மூச்சு விடாதீங்க, தலைதான் சுத்தும். தசை வேலை செய்யணும், அப்பத்தான் கொழுப்பு எரியும். அதுக்குச் சின்ன வயித்துத் தசை போதாது. தொடை, முதுகு மாதிரி பெரிய தசைங்க வேலைல இறங்கணும். நடை, பஸ்கி, தண்டால், மாடிப்படி எல்லாமே சரி. முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேரா நிறுத்துற பிளாங்க் வேண்டாம்னு சொல்லல, முதுகுக்கு அது பெரிய துணை.

சிக்ஸ் பேக்கா, எயிட் பேக்கான்றது பிறப்புலயே முடிவானது. விடுங்க.

சாப்பாடு? ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில 120 கலோரி. அரை மணி நேரம் வேகமா நடந்து நாம செலவழிக்கிறதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நடை முடிச்சு நேரா பொங்கல் வடைக்குப் போறவங்க இதை மட்டும் மனசுல வைங்க.

எடை மெஷினை விட இஞ்சி டேப்பை நம்புங்க. நம்ம ஊர் உடம்புவாகுக்கு இடுப்புச் சுத்தளவு எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினா சுகரையும் பிரஷரையும் ஒரு தடவை பார்த்துடுங்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல டேப்பைச் சுத்தி அளந்து, கமெண்ட்ல போடுங்க. வயித்தை எக்கிப் பிடிக்காம, மூச்சை இயல்பா வெளியே விட்டுட்டு அளங்க.