மரக்கட்டை அல்ல, தண்ணீர்க் குழாய்

நேயர்களுக்கு வணக்கம்.

நகர வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்களில் பலர் முதல் கூடத்திலிருந்து ஒரு குறிப்பு விடாமல் வாசிக்கத் தொடங்குகிறார்கள். கற்கருவிகள் முடிந்து பானை ஓடுகள் முடிவதற்குள் கால் கடுக்க ஆரம்பித்துவிடும். அன்றாட வாழ்க்கைப் பொருள்கள் பெரும்பாலும் பின்னால் இருக்கும் கூடங்களில்தான் இருக்கும். அங்கே வந்து சேரும்போது கண் எதிலும் நிற்காது. ஒன்றரை மணி நேரம் இருந்தால், முதல் பதினைந்து நிமிடத்தை நகரத்தின் வரைபடத்துக்கோ சிறு மாதிரிக்கோ கொடுங்கள். அப்புறம் இரண்டே கூடங்கள் போதும். மற்றதை விட்டுவிட்டு வருவதில் குற்றமில்லை.

மாதிரியைப் பார்க்குமுன் அதன் அளவு விகிதத்தைப் பாருங்கள். நியூயார்க்கின் குவீன்ஸ் அருங்காட்சியகத்தில் 1964 உலகப் பொருட்காட்சிக்காகச் செய்த நகர மாதிரி இருக்கிறது. விகிதம் 1:1200. அதாவது மாதிரியில் 1 சென்டிமீட்டர் என்றால் நிலத்தில் 12 மீட்டர். அந்த அளவில் ஓர் ஆளின் உயரம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். சில மாதிரிகளில் மேடுபள்ளம் எடுப்பாகத் தெரிவதற்காக உயரத்தை மட்டும் கூட்டி வைத்திருப்பார்கள். குறிப்பில் அதைக் கவனிக்காவிட்டால் சமதரையெல்லாம் குன்றாகத் தெரியும். பழைய வரைபடத்தில் வடக்கு மேல்பக்கம்தான் இருக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். ஆறு ஓடும் திசையை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி பொருள்களுக்கு வருவோம். லண்டன், நியூயார்க் போன்ற நகரங்களின் வரலாற்றைச் சொல்லும் கூடங்களில் நடுவே துளை போட்ட நீண்ட மரக்கட்டை ஒன்று கிடக்கும். பாதிப் பேர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அது தெருவுக்கடியில் புதைத்திருந்த தண்ணீர்க் குழாய். குனிந்து இரண்டு முனைகளையும் பாருங்கள். ஒரு முனையைக் கூம்பாகச் சீவியிருப்பார்கள், மறு முனையின் வாயை அகலப்படுத்தியிருப்பார்கள். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி அடிப்பதுதான் இணைப்பு. ஒழுகுவதும் அந்த இடத்தில்தான். லண்டனில் இதற்கு எல்ம் மரத்தைப் பயன்படுத்தினார்கள். எப்போதும் ஈரத்திலேயே கிடந்தால் அது எளிதில் உளுக்காது. நனைந்தும் காய்ந்தும் மாறிமாறி வந்தால் கெட்டுவிடும்.

குழாயின் பக்கவாட்டில் மரமுளை அடைத்த துளை இருக்கிறதா என்றும் தேடுங்கள். தீ விபத்து நேர்ந்தால் தெருவைத் தோண்டி, குழாயில் துளை போட்டுத் தண்ணீர் எடுப்பார்கள். தீ அணைந்ததும் முளை அடித்து மூடுவார்கள். தீயணைப்புத் தண்ணீர்க் குழாயை இன்றும் ஆங்கிலத்தில் ‘ஃபயர் பிளக்’ என்று சொல்வது இந்த முளையால்தான்.

பழங்கால அறை என்று கட்டில், மேசை, விளக்கோடு அலங்கரித்து வைத்திருப்பதை அப்படியே ஒரு வீட்டிலிருந்து பெயர்த்து வந்ததாக எடுத்துக்கொள்ளக்கூடாது. பாரிஸில் 1880-இல் திறந்த கார்னவாலே அருங்காட்சியகத்தில் ஓர் எழுத்தாளரின் படுக்கையறை இருக்கிறது. சாமான்கள் அவருடையவைதான். ஆனால் அவர் வெவ்வேறு காலத்தில் குடியிருந்த வீடுகளிலிருந்து சேர்த்தவை. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், குறிப்பில் எழுதியிருக்கும் வரைக்கும். நகலுக்கும் அதன் பயன் உண்டு. டோக்கியோவின் எடோ-டோக்கியோ அருங்காட்சியகத்தில் நிஹோன்பாஷி மரப்பாலத்தின் ஒரு பாதியை முழு அளவில் கட்டியிருக்கிறார்கள். நகல் என்பதால்தான் அதன்மேல் நம்மை நடக்க விடுகிறார்கள்.

துணிமணிக் கூடத்தில் ஒரு கோணல் உண்டு. திருமண உடைகள் நிறைய இருக்கும், வேலை உடைகள் அபூர்வம். திருமண உடையைப் பெட்டியில் மடித்து வைத்தார்கள். வேலை உடையைக் கிழியக் கிழிய உடுத்தி, கடைசியில் கந்தையாக்கித் தரை துடைத்தார்கள். அந்தக் கூடத்தை மட்டும் பார்த்தால் ஊரில் எல்லோரும் வசதியாக வாழ்ந்ததாகத் தோன்றும். ஒட்டுப்போட்ட சட்டை ஒன்று கண்ணில் பட்டால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

அந்தக் கூடம் ஏன் இருட்டாக இருக்கிறது என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. துணி, காகிதம் போன்றவற்றின் மேல் விழும் வெளிச்சத்தை வழக்கமாக 50 லக்ஸ் அளவில் நிறுத்துவார்கள். வெளிச்சத்தால் வெளுத்த சாயம் திரும்ப வராது. பாதிப்பு நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். கண் பழகச் சில நிமிடம் ஆகும். நடுவில் கைபேசித் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். படம் எடுக்க அனுமதி இருந்தால் பிளாஷை அணைத்துவிட்டு, கண்ணாடிக்கு நேரே நிற்காமல் சற்றுச் சாய்வாக நின்று எடுங்கள், பிரதிபலிப்பு குறையும். குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டு போங்கள். மை சிந்திவிடும் என்று பல இடங்களில் பேனாவை அனுமதிப்பதில்லை.

விளக்கக் குறிப்பின் அடியில் 1987.14.3 என்பதுபோல ஓர் எண் இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதல் பகுதி பொருள் அருங்காட்சியகத்துக்கு வந்த ஆண்டு, அது செய்யப்பட்ட ஆண்டு அல்ல. அடுத்தது அந்த ஆண்டில் எத்தனையாவது வரவு, கடைசியில் அந்த வரவில் எத்தனையாவது பொருள். ஆக, 14.1, 14.2 என்று கூடவே வந்தவையும் இருக்கும். காட்சியில் இல்லையென்றால் கிடங்கில் இருக்கலாம். காப்பாளருக்கு எழுதும்போது ‘அந்த மூலையில் இருந்த பழைய பெட்டி’ என்று எழுதாமல், இந்த எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.