சொல்லிக் கொடுப்பவருக்குச் சம்பளம் கொடுங்கள்

(ஏழைக் குடும்பங்களுக்கான ஊட்டச்சத்துக் கல்வி பற்றிய கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கருத்தரங்கைத் தொடங்கி வைத்து அருமையான உரை நிகழ்த்திய மருத்துவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் துணைவேந்தர் அவர்களே, மகளிர் குழுக் கூட்டமைப்பின் தலைவி அவர்களே, இரவு பகலாக உழைத்து இந்த ஏற்பாடுகளைச் செய்த செயலாளருக்கும் அவருடைய இளைஞர் படைக்கும் என் வணக்கம். எல்லோருக்கும் மேலாக, முன்வரிசையில் நாற்காலிகள் காலியாக இருந்தும் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் களப்பணியாளர் சகோதரிகளே, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். முன்னால் வந்து உட்காருங்கள் அம்மா. இன்று நான் பேசப்போவதே உங்களைப் பற்றித்தான்.

மூன்று செய்திகளைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஊட்டச்சத்துக் கல்வியில் எதைச் சொல்லிக் கொடுப்பது என்பது முதலாவது. யார் சொல்லிக் கொடுப்பது என்பது இரண்டாவது. சொல்லிக் கொடுத்ததன் பலனை எப்படி அளப்பது என்பது மூன்றாவது.

முதல் செய்தியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஏனென்றால் அதில் பெரிய சண்டை கிடையாது. பிறந்து ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதற்குப் பிறகு தாய்ப்பாலோடு இணை உணவு. குழந்தையின் வயிறு சிறியது என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளை கொடுக்க வேண்டும். ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயது வரை நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. புளிப்பான பழம் ஒன்று சேர்ந்தால் நன்றாகச் சேரும். இவ்வளவையும் ஒரே ஒரு சுவரொட்டியில் எழுதி ஒட்டிவிடலாம். ஒட்டியும் இருக்கிறார்கள். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்கக் கூலி வேலை செய்துவிட்டு இருட்டிய பிறகு அடுப்பு மூட்டுகிற தாயிடம் போய், நாலு வேளை ஊட்டு என்றால் எப்படி ஊட்டுவாள்? பகலில் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், விறகு எங்கிருந்து வருகிறது, வீட்டில் முதலில் சாப்பிடுவது யார், இதெல்லாம் தெரிந்தவர்தான் அவளுக்குப் பதில் சொல்ல முடியும்.

இங்கே உங்களுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். நடந்த கதை. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை.

1990ஆம் ஆண்டின் கடைசி. சேவ் தி சில்ட்ரன் என்ற குழந்தைகள் நல அமைப்பின் சார்பில் ஜெர்ரி ஸ்டெர்னின் என்பவரும் அவருடைய மனைவி மோனிக்கும் வியட்நாமுக்குப் போகிறார்கள். குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவைச் சரிசெய்ய வேண்டும், ஆறே மாதத்தில் பலனைக் காட்ட வேண்டும் என்று அவர்களுக்குக் கெடு. கையில் பெரிய நிதி இல்லை. தான் ஹோவா மாகாணத்தில் நான்கு கிராமங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கிராமத்துப் பெண்களே தராசைப் பிடித்துக் குழந்தைகளை எடை போட்டார்கள். 60 விழுக்காட்டுக்கும் மேல் ஊட்டச்சத்துக் குறைவு. இதைப் பார்த்தால் யாருக்கும் கை கால் ஓடாது. ஆனால் அவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: பரம ஏழை வீடுகளில் நல்ல எடையோடு இருக்கிற குழந்தை ஏதாவது உண்டா? உண்டு, உண்டு என்றார்கள் அந்தப் பெண்கள்.

அந்த வீடுகளுக்கே போய்ப் பார்த்தார்கள். அந்தத் தாய்மார்கள் வயலில் கிடைக்கிற சின்னஞ்சிறு இறாலையும் நண்டையும் பிடித்து வந்து, சர்க்கரைவள்ளிக் கிழங்கின் கீரையையும் கிள்ளிப் போட்டு, சோற்றோடு ஊட்டிக் கொண்டிருந்தார்கள். காசு கொடுத்து வாங்கியது எதுவும் இல்லை. ஊரார் கண்ணில் அது சிறு பிள்ளைக்கு ஆகாத உணவு. ஊரார் இரண்டு வேளை ஊட்டினால், இவர்கள் அதே சோற்றைப் பிரித்து நான்கைந்து வேளை ஊட்டினார்கள். ஊட்டும் முன்பு குழந்தையின் கையைக் கழுவினார்கள்.

அடுத்து என்ன செய்தார்கள், கவனியுங்கள். சொற்பொழிவு வைக்கவில்லை. எடை குறைந்த பிள்ளைகளின் தாய்மார்களை இரண்டு வாரம் தினமும் ஒரு வீட்டில் கூட்டினார்கள். வருகிறவர் ஒரு பிடி இறாலோ நண்டோ கீரையோ கொண்டு வர வேண்டும், அதுதான் நுழைவுக் கட்டணம். எல்லோரும் சேர்ந்து சமைத்து, சேர்ந்தே ஊட்டினார்கள். பிள்ளைகளின் எடை ஏறியது. நான்கு கிராமம் பதினான்காகி, பிறகு நாடெங்கும் பரவியது. சில ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, திட்டம் முடிந்த பிறகு பிறந்த தம்பி தங்கைகளும் நன்றாக வளர்ந்திருந்தார்கள். சபையோரே, அங்கே ஆசிரியை யார்? அடுத்த வீட்டுக்காரி! ஏட்டுச் சுரைக்காய் அங்கே எடுபடவில்லை. வயலில் பறித்த கீரை எடுபட்டது.

ஆக, இரண்டாவது செய்திக்கு வந்துவிட்டோம். அடுத்த வீட்டுக்காரிதான் ஆசிரியை என்பதை நம் தமிழ்நாடு அதற்குப் பத்தாண்டு முன்பே கண்டுகொண்டது. 1980இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், மாதந்தோறும் குழந்தைகளை எடை போட்டுத் தாய்மார்களுக்கு எடுத்துச் சொல்லும் பணியாளரை அந்தந்த ஊரிலிருந்தே எடுத்தார்கள். வசதி குறைந்த வீட்டில் இருந்தும் தன் பிள்ளைகளை நன்றாக வளர்த்திருக்கும் பெண்ணுக்கு முன்னுரிமை. இந்த விதியை எழுதிய அதிகாரி யாரோ, அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். அமெரிக்காவில் 1969இலிருந்து நாடு தழுவி நடக்கும் உணவு, ஊட்டச்சத்துக் கல்வித் திட்டமும் அந்தந்தப் பகுதிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களைக் கொண்டே ஏழைக் குடும்பங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறது.

ஆனால் அந்தப் பெண்ணின் கையில் மாதக் கடைசியில் என்ன இருக்கிறது? இதைக் கேட்கத்தான் நான் இந்த மேடைக்கு வந்தேன். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் உழைக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்திய அரசு இன்றும் முறையான சம்பளம் இல்லாமல் மதிப்பூதியம்தான் தருகிறது. எடை போடுவது அவர், பதிவேடு எழுதுவது அவர், கைப்பேசியில் விவரம் ஏற்றுவது அவர், வீடு வீடாகப் போவதும் அவர். அவருக்கும் உதவியாளருக்கும் பணியை விட்டுப் போகும்போது மொத்தமாகக் கொடுக்கும் பணிக்கொடை உண்டு என்று சொல்லவே 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பணிக்கொடைச் சட்டமோ 1972இல் வந்தது. தாய்மாருக்குச் சத்துணவு பற்றிச் சொல்லிக் கொடுக்கிற பெண்ணே ரத்தசோகையோடு வெயிலில் நடக்கலாமா? அவருடைய உழைப்பைத் தொண்டு என்று புகழ்ந்துவிட்டுச் சம்பளத்தைக் குறைப்பது அநியாயம். நான் அதை எந்தச் சபையிலும் சொல்வேன்.

கல்விக்கு ஒதுக்கும் பணம் வீண் என்று நினைப்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். உணவு உதவி பெறும் குடும்பங்களுக்காக அமெரிக்கா நடத்திவந்த ஸ்னாப்-எட் என்ற கல்வித் திட்டத்துக்கான நிதியை 2025இல் ஒரு சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். சிக்கனம் என்றால் முதலில் வெட்டுப்படுவது ஏழைத் தாய்க்குச் சொல்லிக் கொடுக்கும் பெண்ணின் வேலை. கையேடு அச்சடிக்கப் பணம் இருக்கும், அதைப் படித்துக் காட்டுகிறவருக்கு இருக்காது. அப்புறம் ஏட்டுச் சுரைக்காய் மட்டுமே மிஞ்சும்.

பலனை அளப்பது பற்றிய மூன்றாவது செய்திக்கு நேரமில்லை. தலைவர் அவர்கள் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்கள். அடுத்த அமர்வில் பேசவிருக்கும் பேராசிரியர் அதை என்னைவிடச் சிறப்பாகச் சொல்வார். நான் கேட்பது ஒன்றே. வாசலில் மேசையில் ஒரு கோரிக்கை மனு இருக்கிறது. களப்பணியாளருக்கு முறையான மாதச் சம்பளம், பயணப்படி, ஓய்வூதியம், ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பரிசோதனை என்று நான்கு வரிதான். மேடையில் இருக்கும் பெரியவர்கள் முதல் கையெழுத்துகளைப் போட்டுக் கொடுத்தால், நாளைக் காலையிலேயே அமைச்சர் அலுவலகத்தில் சேர்த்துவிடுவோம். பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.