பிடித்தம் போக மிச்சம்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஹூஸ்டனில் வசிக்கிறேன். கம்பெனிகளுக்கு ஊழியர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில். வருடக் கடைசியில் திட்டத்தில் சேரும் பருவம் வரும். அப்போது தொழிலாளர்கள் முன்னால் நின்று, எவ்வளவு பிடிப்பார்கள், எதற்குப் பணம் கிடைக்கும் என்றெல்லாம் விளக்க வேண்டும். கட்டட வேலை, ஹோட்டல் சமையலறை, அலுவலகத் துப்புரவு என்று எங்கே போனாலும் எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் ஹிஸ்பானிக் மக்கள், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளை வேராகக் கொண்டவர்கள். மெக்சிகோவிலிருந்தும் எல் சால்வடாரிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. தாத்தா காலத்திலிருந்தே டெக்சஸ்காரர்களாக இருப்பவர்களும் உண்டு.

கூட்டம் முடிந்ததும் முதலாளி தரப்பில் ஒரு கேள்வி வரும்: "இவ்வளவு நல்ல திட்டம் கொடுக்கிறோம், ஏன் சேரமாட்டேன் என்கிறார்கள்?" பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். "விவரம் தெரியாதவர்கள் சார். பணத்தை எப்படிக் கையாளுவது என்று ஒரு வகுப்பு எடுத்தால் சரியாகிவிடும்." எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தத் தொழிலாளர்கள் போடும் கணக்கு பெரும்பாலும் சரியான கணக்கு.

நாமும்தான் போட்டுப் பார்ப்போமே. மணிக்கு 15 டாலர் கூலி, வாரம் 40 மணி நேரம். இரண்டு வாரச் சம்பளம் 1,200 டாலர். இதில் சமூகப் பாதுகாப்பு எனும் அரசு ஓய்வூதியத்துக்கும் மெடிகேர் எனும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்குமாகச் சட்டப்படி 7.65 சதவீதம், கிட்டத்தட்ட 92 டாலர், போய்விடும். வருமான வரி தனி. கம்பெனிக் காப்பீடுகளை ஆண்டுதோறும் ஆராயும் கேஎஃப்எஃப் அமைப்பின் 2024 கணக்குப்படி, குடும்பக் காப்பீட்டின் சராசரி பிரீமியம் ஆண்டுக்கு 25,572 டாலர். அதில் தொழிலாளியின் பங்கு 6,296. வருடத்துக்கு 26 சம்பளம் என்று வைத்தால், ஒவ்வொன்றிலும் 242 டாலர் பிடித்தம். ஐந்தில் ஒரு பங்கு! இவ்வளவும் கட்டிவிட்டு டாக்டரிடம் போனால் காப்பீடு உடனே கைகொடுக்கும் என்று நினைக்காதீர்கள். டிடக்டிபிள் என்று ஒன்று இருக்கிறது. பல செலவுகளில் அந்தத் தொகை தீரும் வரை நம் கைக்காசுதான். தனிநபர் திட்டத்தில் அதன் சராசரி 1,787 டாலர். நம் 15 டாலர்காரருக்கு அது மூன்று வார உழைப்பு.

ஒரு துப்புரவு கம்பெனியின் சாப்பாட்டு அறையில் கூட்டம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி நான் கொடுத்த வழவழப்பான துண்டறிக்கையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். வாடகை, கார் தவணை, கார் இன்சூரன்ஸ், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்புவது. கீழே கோடு இழுத்து மிச்சத்தை எழுதி, தாளை என் பக்கம் தள்ளினார். "இதில் எதை நிறுத்தட்டும், நீங்களே சொல்லுங்கள்" என்றார். கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே யோசனை கேட்டார். சர்க்கரை வியாதிக்காரர். மாத்திரையைப் பாதியாக உடைத்துத்தான் போட்டுக்கொள்கிறேன் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

அமெரிக்காவில் ஒருவருக்கு வாழ்நாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 40 சதவீதம் என்றால், ஹிஸ்பானிக் மக்களுக்கு அது 50-க்கும் மேல் என்கிறது அந்த நாட்டின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி. அறிகுறி பெரிதாகத் தெரியாமலேயே மாதாமாதம் செலவு வைக்கும் வியாதி இது. பணம் தட்டுப்பட்டால் முதலில் தள்ளிப்போடப்படுவதும் இதுதான். பணக்கவலையில் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும். அப்புறம் செலவு இன்னும் கூடும்.

வேலையோடு காப்பீட்டை முடிச்சுப் போட்டது யார் என்று கேட்பீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942-ல், சம்பளத்தை இஷ்டத்துக்கு உயர்த்தக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டது. ஆள் பிடிக்க வேண்டிய கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதில் காப்பீட்டைக் காட்டி இழுத்தன. கம்பெனி கட்டும் பிரீமியத்துக்கு வரி கிடையாது என்பதை 1954-ம் ஆண்டு வரிச் சட்டம் உறுதியாக்கியது. வரி விலக்கு என்றால் யாருக்கு லாபம்? அதிக வரி கட்டுகிறவருக்குத்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். பெரும்பாலான கம்பெனிகளில் மேலாளருக்குப் பிடிக்கும் அதே 242 டாலர்தான் தரை துடைப்பவருக்கும். சம்பளத்துக்குத் தகுந்தபடி பிரீமியத்தைப் பிரிக்கும் பெரிய கம்பெனிகள் சில இருக்கின்றன. சட்டத்தில் அதற்குத் தடை ஒன்றும் இல்லை. வகுப்பு எடுக்கச் சொல்லும் முதலாளிகளிடம் நான் முதலில் கேட்பது இதைப் பற்றித்தான். பேச்சு உடனே வேறு பக்கம் போய்விடும்!

2010-ல் ஒபாமா காலத்தில் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் நிறைய மாற்றியது, மறுக்கவில்லை. அப்போது 65 வயதுக்குட்பட்ட ஹிஸ்பானிக் மக்களில் மூன்றில் ஒருவருக்குக் காப்பீடு இல்லை. 2022-ல் அது 18 சதவீதமாக இறங்கியது. வெள்ளையர்களிடம் அது 7 சதவீதத்துக்கும் கீழே. இடைவெளி ஏன் போகவில்லை? 50 முழுநேர ஊழியர்களுக்குக் குறைவான கம்பெனிக்குக் காப்பீடு தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாரம் 30 மணி நேரம் வேலை செய்தால்தான் முழுநேரம்; அதனால் 28 மணி நேரம் மட்டும் வேலை போட்டுக் கொடுக்கும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. கூரை வேலைக்காரரை 'தனி ஒப்பந்தக்காரர்' என்று எழுதிக் கணக்கிலிருந்தே தூக்கிவிடுவது இன்னொரு வழி. போதாததற்கு டெக்சஸ், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டை அந்த 2010 சட்டப்படி விரிவாக்கவே இல்லை. வேலையிடத்தில் அடிபட்டால் நஷ்டஈடு தரும் காப்பீட்டையும் இங்கே தனியார் முதலாளி விரும்பினால் எடுக்கலாம், விரும்பாவிட்டால் விடலாம்.

அடுத்தது பயம். ஒரே வீட்டில் அப்பாவுக்குக் குடியேற்றப் பத்திரம் இருக்காது, பிள்ளைகள் இங்கே பிறந்த குடிமக்களாக இருப்பார்கள். தனிநபர்கள் தாமாகக் காப்பீடு வாங்க அந்த 2010 சட்டம் ஏற்படுத்திய அரசுக் காப்பீட்டுச் சந்தையில், அப்பா முழு விலை கொடுத்தாலும் வாங்க முடியாது. பிள்ளைகளுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் 2019-ல், அரசு மருத்துவ உதவி வாங்குவதைக் கிரீன் கார்டு மறுக்கும் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள். 2021-ல் அந்த விதியைக் கைவிட்டாயிற்று. வீட்டில் புகுந்த பயம் அத்தனை சீக்கிரம் வெளியேறவில்லை. விண்ணப்பத்தில் பிள்ளையின் பெயரை எழுதவே கை தயங்குகிறது.

பணத்தைக் கையாளத் தெரியாதவர்கள் என்ற பேச்சுக்கு வருகிறேன். இவர்களிடம் 'தாண்டா' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. நம் ஊர்க் குலுக்கல் சீட்டேதான். பத்துப் பேர் சேர்ந்து, சம்பளத்துக்குச் சம்பளம் ஆளுக்கு 100 டாலர் போடுவார்கள். முறை வருபவர் ஆயிரத்தை எடுத்துக்கொள்வார். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. வேலையிடத்துச் சிநேகிதி ஒருத்திதான் பொறுப்பு. பிரசவத்தை எதிர்பார்ப்பவர், பல் பிடுங்க வேண்டியவர் என்று அவசரக்காரருக்கு முறையை மாற்றிக் கொடுப்பதும் உண்டு. டிடக்டிபிள் கட்டக் கைக்காசு திரட்டும் வேலையை அவர்களே செய்துகொள்கிறார்கள். மெக்சிகோவுக்கு 2023-ல் வெளிநாட்டிலிருந்து போன 6,300 கோடி டாலரில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து இப்படிச் சிறுகச் சிறுகப் போனதுதான். இவர்களுக்குச் சேமிப்பு வகுப்பு எடுக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஒரு விசித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். வருமானமும் காப்பீடும் குறைவாக இருந்தும் ஹிஸ்பானிக் மக்களின் ஆயுள் வெள்ளையர்களைவிட அதிகம். 2019-ல் சராசரி 81.9 வயது, வெள்ளையர்களுக்கு 78.8. புகைப்பழக்கம் குறைவு, உடல் திடமானவர்களே குடிபெயர்ந்து வருகிறார்கள், உறவுப் பிடிப்பு அதிகம் என்று காரணங்கள் சொல்வார்கள். கோவிட் வந்து 2021-ல் அது 77.8-க்கு விழுந்தது. இறைச்சி வெட்டும் ஆலையையும் கட்டட வேலையையும் வீட்டிலிருந்து செய்ய முடியாது அல்லவா? உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளம் தர வேண்டும் என்று தனியார் துறைக்கு மத்தியச் சட்டம் எதுவும் நிரந்தரமாக இல்லை. ஆஸ்டின் நகரம் 2018-ல் அப்படி ஒரு விதி கொண்டுவந்தது, நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

என் கூட்டங்களில் உருப்படியாக மாற்றம் கண்டது 'ப்ரொமோத்தோரா' பெண்களை அழைத்த இடங்களில்தான். அதே தெருவில் வசிக்கும், கொஞ்சம் பயிற்சி பெற்ற சுகாதாரத் தொண்டர்கள். நான் பிரீமியத்தில் ஆரம்பிப்பேன்; அவர்கள் "பிள்ளைக்கு எத்தனை வயது?" என்று ஆரம்பிப்பார்கள். கம்பெனித் திட்டத்தில் தொழிலாளி மட்டும் சேர்ந்துகொண்டு, குடும்பத்துக்கு அரசுச் சந்தையில் மானியத்தோடு வாங்கலாம் என்ற வழி பலருக்கு அவர்கள் வாயிலாகத்தான் தெரியவந்தது. தொழிலாளி ஒருவருக்கான பிரீமியம் கட்டுப்படியாகிறது என்றால் குடும்பத்துக்கும் மானியம் கிடையாது என்று முன்பு ஒரு வினோத விதி இருந்தது. 2023-லிருந்து அது இல்லை. இன்னும் பழைய விதியையே சொல்லிக்கொண்டிருக்கும் அலுவலகங்களைப் பார்க்கிறேன்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் உணவகமும் மோட்டலும் நடத்துகிறவர்கள் இருப்பீர்கள். 50 பேருக்குக் குறைவாக வைத்திருந்தால், குழுத் திட்டம் எதுவும் எடுக்காமலேயே, ஊழியர் தாமாக வாங்கிய காப்பீட்டின் பிரீமியத்தை வரியில்லாமல் திருப்பிக் கொடுக்கலாம். 2017-லிருந்து இந்த வழி இருக்கிறது. எவ்வளவு தருகிறீர்கள் என்பதை வைத்து அவருடைய அரசு மானியம் மாறும், அதனால் முதலில் கணக்குப் போட்டுவிடுங்கள். சந்தை நவம்பர் 1-ம் தேதி திறக்கிறது. காப்பீடே கிடைக்காதவர் என்றால், மத்திய நிதி பெறும் சமூக மருத்துவ மையம் பக்கத்தில் எங்கே என்று தேடி முகவரியை எழுதிக் கொடுங்கள். அங்கே வருமானத்தைப் பார்த்துத்தான் கட்டணம். காசில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பமாட்டார்கள்.

நன்றி, வணக்கம்.